கொமிஷன்: தரகா, கைலஞ்சமா?

வன்னியில் வயல் காணி கைமாறினாலும் மாடு கைமாறினாலும் நடுவில் நின்று பேசி முடித்தவருக்கு ஒரு தொகை போகும். அது விற்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும், எவ்வளவு என்றுகூட முன்னமே பேசிவிடுவார்கள். அதைக் கொமிஷன் என்கிறோம், சரி. ஆனால் இரத்தப் பரிசோதனைக்கு ஆள் அனுப்பியதற்காக ஆய்வுகூடம் மாதக் கடைசியில் இரகசியமாகக் கொடுக்கும் காசையும் அதே பெயரால் அழைக்கிறோமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கொமிஷன் இலத்தீன் வேரிலிருந்து வந்த சொல். ஒப்படைத்தல் என்பதே அடிப்படைப் பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் அங்கிருந்து நம்மிடம் வந்தது. தேர்தல் ஆணைக்குழுவுக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான், ஒரு பொறுப்பு ஒப்படைக்கப்பட்ட குழு என்பதால். ஒப்படைத்த வேலையை முடித்துக் கொடுத்தவருக்குச் சேரும் பங்கு என்ற பொருள் பிறகு வந்தது. அதற்குத் தமிழ் தரகு, பள்ளிக் கணக்கீட்டுப் பாடத்திலும் அப்படித்தான் படித்தோம். சிலர் கழிவு என்றும் சொல்கிறார்கள், ஆனால் விலையில் குறைத்து வாங்குகிறவருக்கே விடுவதும் கழிவுதான் என்பதால் குழப்பம் வரும்.

இப்போது ஆய்வுகூடத்துக்கு வருவோம். சில வருடங்களுக்கு முன் துணுக்காயிலிருந்து சித்தியைக் கிளிநொச்சிக்குக் கூட்டிப் போனேன், கால் வீக்கம். பார்த்தவர் துண்டில் ஏழு பரிசோதனை எழுதி, "இந்த லாப்பிலயே எடுங்கோ, மற்ற ரிப்போர்ட்டை நான் பாக்கமாட்டன்" என்றார். பிறகு வேறொரு டொக்டர், முதலில் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் சிறுநீரும் பார்த்திருந்தாலே போதும் என்றார். அந்த லாப்பில் வேலை செய்த தம்பி ஒருவர் ஒளிக்காமல் சொன்னார்: "கொமிஷன் குடுக்காட்டி ஒரு துண்டும் எங்களிட்ட வராது அண்ணை."

அந்தக் காசு எங்கிருந்து வருகிறது? சித்தி கட்டிய பணத்திலிருந்து. இன்னொரு பாதகமும் உண்டு. பங்கு கொடுத்த பிறகும் இலாபம் பார்க்க வேண்டிய லாப், இயந்திரம் சரியாக அளக்கிறதா என்று தினமும் ஓட்டிப் பார்க்க வேண்டிய, அளவு முன்னமே தெரிந்த கொன்ரோல் மாதிரியிலேயே முதலில் மிச்சம் பிடிக்கும். கிரியேட்டினின் அளவு பிழையானால் சிறுநீரக நோயாளிக்கு வைத்தியமே பிழையாகும்.

அமெரிக்காவில் இதற்குப் பெயர் கிக்பேக், அப்படியே தமிழாக்கினால் திருப்பி உதைத்தல். மெடிகெயார் என்ற அரச மருத்துவக் காப்புறுதியில் உள்ள நோயாளிகளை அனுப்பக் காசு வாங்குவதை அங்கே 1972இல் குற்றமாக்கினார்கள். தனக்குப் பங்குள்ள இடத்துக்கு டொக்டர் நோயாளியை அனுப்பக்கூடாது என்று 1989இல் வந்த ஸ்டார்க் சட்டமும் முதலில் குறிவைத்தது ஆய்வுகூடங்களைத்தான். இலங்கையில் தனியார் ஆய்வுகூடங்கள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்ய வேண்டும். 1954ஆம் ஆண்டின் இலஞ்சச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தனியார் துறையில் நடக்கும் இலஞ்சத்தையும் குற்றமாகச் சொல்கிறது. ஆகவே, தனியார்தானே, எங்கள் வியாபாரம்தானே என்ற கதை இனி எடுபடாது.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? தரகு பொருந்தாது, தரகில் ஒளிவு இல்லை. கைக்கூலி பழைய சொல், ஆனால் நம் அரசியலில் அது வேறு வசையாகிவிட்டது. கையூட்டு பொருந்தும், கைக்கு ஊட்டுவது, எழுத்தில் நான் அதைத்தான் எழுதுவேன். பேச்சில் நம் ஊர்க்கிழவர்கள் சொல்லும் கைலஞ்சம் இன்னும் நேராக விழும்.

சித்தியிடம் முதலில் கொமிஷன் என்று விளக்கியபோது, அது எல்லா இடமும் இருக்கிறதுதானே என்று தலையாட்டிவிட்டார். அப்புறம் கைலஞ்சம் என்று சொல்லிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என்ர காசிலயோ?" என்று கேட்டார்.