“கிளவுஸ் போட்டிருக்கேன் சார்”

கல்லூரி வேதியியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு அதிகம் கவலை தருகிற வாக்கியம் இதுதான். குளோரோஃபார்ம் விரல்களில் சிந்தியபிறகும் ஒரு மாணவர் அசராமல் ஊற்றிக்கொண்டிருந்தார். என்ன கிளவுஸ் என்று கேட்டேன். “ஊதா கலர் சார்” என்றார். நிறம் அல்ல, எந்தப் பொருளால் ஆனது என்பதுதான் என் கேள்வி.

அதிலிருந்து, புதிதாக வரும் ஒவ்வொரு வகுப்புக்கும் முதல் நாளே ஒன்றைச் செய்து காட்டுகிறேன். ஃபியூம் ஹூடுக்குள் (ரசாயன ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் அடைப்பு) ஒரு பீக்கரில் கொஞ்சம் டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பான். நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறையிலிருந்து ஒரு விரலை மட்டும் வெட்டி அதில் போடுவேன். பேசிக்கொண்டிருக்கும்போதே அது ஊறிப் பருத்துவிடும். இடுக்கியால் எடுத்து இழுத்தால் சவசவவென்று கிழியும். அத்தனை பேரும் தங்கள் கையைப் பார்த்துக்கொள்வார்கள்.

அப்புறம்தான் கேரன் வெட்டர்ஹான் கதை. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர். நச்சு உலோகங்களே அவருடைய ஆய்வுத் துறை. 1996 ஆகஸ்டில் ஃபியூம் ஹூடில் வேலை செய்தபோது, லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) கையுறை மேல் டைமெத்தில் மெர்க்குரி என்ற கொடிய பாதரசச் சேர்மம் ஓரிரு சொட்டு விழுந்தது. சில மாதங்கள் எந்தத் தொந்தரவும் இல்லை. பிறகு நடை தடுமாறியது, பேச்சு குழறியது. 1997 ஜூனில் இறந்தார். வயது 48. அந்தத் திரவம் லேடெக்ஸைச் சில வினாடிகளில் ஊடுருவிவிடும் என்பது பின்னால் சோதித்தபோதுதான் தெரிந்தது. அவர் அலட்சியமாக இருக்கவில்லை. அன்றைக்குத் தெரிந்த பாதுகாப்போடுதான் வேலை செய்தார்.

இன்று நமக்குத் தெரியும். ஒவ்வொரு ரசாயனத்துக்கும் தயாரிப்பாளர் தரும் பாதுகாப்புத் தரவுத் தாளின் 8-ஆம் பகுதியில் எந்தக் கையுறை என்று இருக்கும். அதில் வெறுமனே ‘தகுந்த கையுறை’ என்று போட்டு நழுவியிருந்தால் (நிறைய தாள்கள் அப்படித்தான்) எந்தக் கையுறை எந்த ரசாயனத்தைத் தாங்கும் என்று சொல்லும் கையுறை தயாரிப்பாளரின் அட்டவணையைப் பாருங்கள். மெல்லிய கையுறை தெறிப்புக்கு மட்டும்தான். பட்டதும் கழற்றி, கையைக் கழுவி, வேறு போடுங்கள். ரசாயனம் பட்ட கையுறையோடு செல்போனைத் தொடுவதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் இன்னும் மோசம். நீர்த்த அமிலம் பட்டால் உடனே வலிக்காமலும் போகலாம். ஆனால் உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் கழுவியதும் தடவ கால்சியம் குளுக்கோனேட் ஜெல் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அப்புறம் நேரே மருத்துவமனை.

போன மாதம் ஆய்வு மாணவி ஒருவர் அந்த அமில பாட்டிலைத் திறக்காமலே என் அறைக்கு வந்தார். “ஜெல் எக்ஸ்பைரி ஆயிடுச்சு சார். புதுசு வந்ததும் ஆரம்பிக்கிறேன்.”