படத்தில்தான் பட்டன் இருக்கிறதே!

இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. எங்கள் வலைத்தளத்தைத் தானாகத் திறந்து சோதிக்கும் டெஸ்ட் இரவில் ஓடி, 'பணம் செலுத்து' பட்டனைக் காணோம் என்று ஃபெயில் ஆனது. கூடவே சேமித்த ஸ்கிரீன்ஷாட்டில் அதே பட்டன் பளிச்சென்று உட்கார்ந்திருக்கிறது. டெவலப்பர் அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "இதோ இருக்கே, உங்க டெஸ்ட்தான் தப்பு" என்று எழுதி டிக்கெட்டை மூடிவிட்டார்.

ஐயா, டெஸ்ட் தோற்ற நொடியில் பிரவுசர் உறைந்து நிற்பதில்லை. பத்து விநாடி காத்திருக்கச் சொல்லியிருந்தோம். பிரவுசரை இயக்கும் கருவியான செலினியம் காத்திருந்தது, பட்டன் வரவில்லை, பிழையை வீசியது. படம் எடுக்கும் வரி அதற்குப் பிறகுதான் ஓடுகிறது. அதற்குள் பக்கம் தன்பாட்டுக்கு லோட் ஆகிக்கொண்டே இருக்கும். அன்று சர்வர் தாமதமாகப் பதில் சொன்னது, பட்டன் படத்துக்கு மட்டும் வந்து சேர்ந்தது. பஸ் கிளம்பிய பிறகு ஓடிவந்தவரை நிறுத்தத்தில் படம் பிடித்துவிட்டு, நேரத்துக்கு வந்தார் என்று சாதிக்க முடியுமா?

இதில் சிலர், படம் அழகாக வரட்டும் என்று அதற்கு முன்னால் மூன்று விநாடி ஸ்லீப் (சும்மா காத்திருக்கும் கட்டளை) வேறு போடுகிறார்கள். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். கிடைக்கும் கொஞ்சநஞ்ச சாட்சியையும் அது கலைக்கிறது.

படத்தோடு பக்கத்தின் ஹெச்டிஎம்எல், யூஆர்எல், கன்சோல் லாக் (பிரவுசர் எழுதிவைக்கும் செய்திகள்), நேரம் எல்லாவற்றையும் சேமியுங்கள். பட்டன் ஐஃபிரேமுக்குள், அதாவது பக்கத்துக்குள் பதித்த இன்னொரு பக்கத்துக்குள் இருந்தால், படத்தைப் பார்த்து அது தெரியாது, ஹெச்டிஎம்எல்லில் ஐஃபிரேம் இருப்பது தெரியும். செலினியம் போன்ற இன்னொரு கருவியான பிளேரைட் வைத்திருப்பவர்கள் ட்ரேஸை (டெஸ்ட் ஓடியதன் பதிவு) ஆன் செய்தால் ஒவ்வொரு செயலுக்கும் முன்னும் பின்னும் பக்கம் இருந்த நிலையைப் பார்க்கலாம்.

அப்புறம், ஜாவா டெஸ்டுகளை ஓட்டும் ஜேயூனிட் 5-இல், டெஸ்டின் முடிவு தெரிந்ததும் ஓடும் டெஸ்ட்வாட்சருக்குள் படம் எடுக்காதீர்கள். ஒவ்வொரு டெஸ்டுக்கும் பிறகு ஓடும் ஆஃப்டர்ஈச் முடிந்த பிறகுதான் அதற்கு முறை வரும், ஆஃப்டர்ஈச்சில் பிரவுசரை இயக்கும் டிரைவரை மூடியிருந்தால் படம் எடுக்க பிரவுசரே இருக்காது. ஜாவாவில் செலினியம் தரும் படத்தின் ஃபைல் தற்காலிகமானது, உடனே வேறு இடத்துக்கு நகலெடுங்கள். ஃபைலின் பெயரில் டெஸ்டின் பெயரும் நேரமும் இருக்கட்டும். இல்லையென்றால் இணையாக ஓடும் டெஸ்டுகள் ஒன்றின் படத்தை ஒன்று அழித்துவிடும். டெஸ்டை கண்டெய்னர் என்ற தனிச் சூழலுக்குள் ஓட்டும் டாக்கரில், படத்தில் தமிழெல்லாம் கட்டம் கட்டமாக வந்தால் பக் போடாதீர்கள், கண்டெய்னரில் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். போன வாரப் படம் ஒன்றில் நிஜ வாடிக்கையாளரின் கைபேசி எண் இருந்தது. டெஸ்டுகள் ஓடும் பில்ட் சர்வரில் அந்தப் படத்தை யார் வேண்டுமானாலும் திறக்கலாம். பிளேரைட்டில் படத்தின் ஒரு பகுதியை மறைக்கும் மாஸ்க் வசதி இருக்கிறது. அதைவிட, டெஸ்டுக்குப் போலித் தரவு போடுங்கள்.