எதிர்ப்பொருள்: சக்தியும் அல்ல, பிறபொருளெதிரியும் அல்ல

தெரிந்த அம்மா ஒருவர் மகனின் ரத்தப் பரிசோதனைத் தாளை என்னிடம் நீட்டினார். பையனுக்குக் காய்ச்சல், மூட்டு வீக்கம். தாளில் ஏ.எஸ்.ஓ. (ஓர் ஆன்டிபாடியின் அளவு) 400 என்றும், 200-க்குள் இருக்க வேண்டும் என்றும் அச்சாகியிருந்தது. “எதிர்ப்பு சக்தி ரெட்டிப்பா இருக்காமே, நல்லதுதானே தம்பி?” என்றார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? கிருமி போன்றவற்றுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ‘ஆன்டிபாடி’ என்ற புரதம் வரும் இடத்திலெல்லாம் ‘நோய் எதிர்ப்பு சக்தி’ என்று எழுதிப் பழக்கிவிட்டவர்கள், மருத்துவத்தைத் தமிழில் எழுதும் நாம்தானே. அதை ‘எதிர்ப்பொருள்’ என்பதே சரி என்பது என் கட்சி.

சொல்லின் பிறப்பு சின்னக் கதைதான். ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் 1891-ல் ‘ஆன்டிகோர்ப்பர்’ என்று எழுதினார். ஆங்கிலம் அதை ‘ஆன்டிபாடி’ ஆக்கிக்கொண்டது. இங்கே ‘பாடி’ என்பது உடம்பு அல்ல, ஒரு பொருள். ‘எதிருடல்’ என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆக, அது எண்ணத்தக்க ஒரு பொருள், ஒரு புரதம். சக்தி என்பது உடம்பின் மொத்தத் திறன். பையனின் தாளில் இருந்த 400 திறனின் அளவல்ல, கால்தடம். தொண்டையில் தொற்றும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி, சிவப்பணுக்களை உடைக்கும் ஸ்ட்ரெப்டோலைசின் ஓ என்ற நஞ்சை வெளிவிடும். (‘ஓ’ ஆக்சிஜனைக் குறிக்கிறது, அது பட்டால் இந்த நஞ்சு செயலிழந்துவிடும்.) அந்த நஞ்சுக்கு எதிராக உடம்பு செய்யும் பொருளைத்தான் ஏ.எஸ்.ஓ. அளக்கிறது. தொற்றிய ஒரு வாரத்துக்குப் பின் ஏறத் தொடங்கி, மூன்று முதல் ஐந்து வாரத்தில் உச்சம் தொட்டு, மெல்ல இறங்கும். அந்தத் தொற்றின் பின்விளைவாக மூட்டையும் இதயத்தையும் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சலோ தொண்டை வலி போய் இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் வரும். அதற்குள் தொண்டையில் கிருமியே அகப்படாமல் போகலாம் என்பதால்தான் ரத்தத்தில் தடம் தேடுகிறார்கள். தடம் இருப்பதாலேயே ருமாட்டிக் காய்ச்சல் என்று ஆகிவிடாது. அமெரிக்க மருத்துவர் டக்கெட் ஜோன்ஸ் 1944-ல் வகுத்து, பின்னர் பலமுறை திருத்தப்பட்ட அளவுகோல்களின்படி இதய அழற்சி, மூட்டு வீக்கம் போன்ற அறிகுறிகளும் வேண்டும்.

சரி, ‘சக்தி’ வேண்டாம் என்றால் உடனே ஒரு கூட்டம் ‘பிறபொருளெதிரி’ என்று சொல்லும். இலங்கைப் பாடநூல்களில் ஊறிய சொல். கலைச்சொல்லாக்கத்தில் இலங்கைத் தமிழர் உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இந்த ஒரு சொல்லில் மட்டும் உடன்பாடில்லை. நீளத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ‘பிற’ என்ற முன்னொட்டு பொய் சொல்கிறதே, அதுதான் இடிக்கிறது. இந்தக் காய்ச்சலில் நடப்பது என்ன? கிருமியின் மேலுறையில் உள்ள எம் புரதமும் ஒரு சர்க்கரைக் கூறும் நம் இதயத்தசைப் புரதமான மையோசினைப் போலத் தோன்றுகின்றன. அவற்றுக்கு எதிராகச் செய்த பொருள் ஆள் தெரியாமல் இதயத்திலும் போய் ஒட்டுகிறது. டி செல்கள் என்ற வெள்ளணுக்களும் சேர்ந்துகொள்ள, இதயத்தின் மிட்ரல் வால்வு தடித்துச் சுருங்குகிறது. (ஏ.எஸ்.ஓ. இந்த வேலையைச் செய்வதில்லை. அது சாட்சி மட்டுமே.) தன் உடம்பையே பிடிப்பதைப் ‘பிறபொருளெதிரி’ என்பதா? இந்த வகைக்குத் தனிப்பெயர் வேண்டுமென்றால் ‘தன்பிறபொருளெதிரி’ என்றுதான் ஒட்டவேண்டும். தன்னும் பிறவும் ஒரே சொல்லில்! ஆன்டிபாடியை உண்டாக்கத் தூண்டும் ஆன்டிஜெனுக்கோ ‘பிறபொருளெதிரியாக்கி’, ஒரு மூச்சில் சொல்லிப் பாருங்கள்.

‘நோய் எதிர்ப்பான்’ என்பதும் இங்கே செல்லாது. நோயை எதிர்க்க வந்தது நோயைக் கொண்டுவருகிறதே.

‘எதிர்ப்பொருள்’ எதற்கு எதிர் என்று சொல்லாமல் விடுகிறது. அதையே குறை என்பார்கள்; எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. கிருமிக்கு எதிர், நஞ்சுக்கு எதிர், இதயத்துக்கு எதிர் என்று எங்கும் பொருந்தும். தன்னைத் தாக்குவது ‘தன்னெதிர்ப்பொருள்’, ஆன்டிஜென் ‘எதிர்ப்பொருள் தூண்டி’. இயற்பியலில் ‘ஆன்டிமேட்டர்’ என்பதற்கும் இதே சொல் இருக்கிறது, உண்மைதான். ஆனால் ரத்தப் பரிசோதனைத் தாளில் யாரும் ஆன்டிமேட்டரைத் தேடப்போவதில்லை.

இன்னொரு எரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். இந்தக் காய்ச்சலையே ‘முடக்குவாதக் காய்ச்சல்’ என்று மொழிபெயர்க்கிறார்கள். முடக்குவாதம் வேறு நோய், பெரும்பாலும் பெரியவர்களுக்கு வருவது, மூட்டை உருக்குலைப்பது. இதுவோ பெரும்பாலும் ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு வருவது. மூட்டை நக்கிவிட்டு இதயத்தைக் கடிக்கும் என்பது மருத்துவர்களின் பழைய சொலவடை. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசியை வருடக்கணக்கில் போடச் சொல்வது அந்த இதயத்துக்காகத்தான். ‘முடக்குவாதம்’ என்று படித்த தாய், வீக்கம் வடிந்ததும் ஊசியை நிறுத்திவிட மாட்டாரா?

போன வருடம் ஒரு துண்டறிக்கைக்கு இப்படி எழுதிக் கொடுத்தேன்: “உங்கள் பிள்ளைக்குச் சில வாரங்களுக்கு முன் தொண்டையில் கிருமி தொற்றியிருக்கலாம், அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருள் இன்னும் ரத்தத்தில் இருக்கிறது.” அச்சாகி வந்ததைப் பிரித்துப் பார்த்தேன். ‘எதிர்ப்பொருள்’ இருந்த இடத்தில் ‘எதிர்ப்பு சக்தி’ உட்கார்ந்திருந்தது. அப்புறம் கேட்டால், “அதுதான் சார் மக்களுக்குப் புரியும்” என்கிறார்கள்.