தன்வரலாறு: நடந்ததும் வந்த வழியும்

'இன்னாருடைய சுயசரிதையை இன்னார் எழுதியிருக்கிறார்' என்று நூல் அறிமுகங்களில் அடிக்கடி பார்க்கிறேன். ஒருவருடைய சுயசரிதையை இன்னொருவர் எழுத முடியாது. சுயம் என்றாலே தான்தான். தன் கதையைத் தானே எழுதினால் சுயசரிதை, பிறர் எழுதினால் வாழ்க்கை வரலாறு. ஒருவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் கேட்டு எழுதும் நூல்களும் உண்டு. அவற்றில் 'நான்' என்று பேசுபவருடைய வாழ்க்கைதான் சொல்லப்படுகிறது என்பதால் சுயசரிதை என்பதில் தவறில்லை. கேட்டு எழுதியவர் பெயரும் அட்டையில் இருந்துவிட்டால் போதும்.

சரி, சரிதை என்றால் என்ன? 'சர்' என்ற வடமொழி வேருக்கு நடத்தல், செல்லுதல் என்று பொருள். சஞ்சாரம், ஆசாரம், சராசரம் எல்லாம் இந்த வேரில் முளைத்தவைதான். சரிதம் என்றால் ஒருவர் நடந்துகொண்ட விதம், செய்த செயல்கள். ஏழாம் நூற்றாண்டில் பாணர் தம் அரசர் ஹர்ஷரைப் பற்றி எழுதிய நூலுக்கு ஹர்ஷசரிதம் என்று பெயர். சரித்திரமும் அதே குடும்பம். காவல்துறையின் 'சரித்திரப் பதிவேடு' என்ற சொல்லில் அந்தப் பழைய பொருள் இன்னும் அப்படியே இருக்கிறது. அதில் பதிவாவது ஒருவர் செய்தது, நினைத்தது அல்ல.

பாரதி 1910இல் தம் வாழ்க்கையைக் கவிதையாக எழுதியபோது 'ஸ்வசரிதை' என்றார். அது பிறகு எழுத்துவழக்கில் சுயசரிதை ஆனது. சுயசரிதம் என்று எழுதுபவர்களும் உண்டு.

இதற்கு நேரான தமிழ்ச்சொல் தன்வரலாறு. இந்தச் சொல்லைப் பிரித்துப் பார்ப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. வரல் + ஆறு. வரல் என்பது வருதல். ஆறு என்பது வழி. 'அறத்தாறு இதுவென வேண்டா' என்று குறள் சொல்லும் அதே ஆறு, ஆற்றுப்படையில் வரும் அதே ஆறு. ஆக, வரலாறு என்றால் வந்த வழி. சரிதம் செய்த செயலைப் பார்க்கிறது. வரலாறு, எங்கே திரும்பினோம், எங்கே வழி தவறினோம், யார் கை காட்டினார்கள் என்று நடந்த பாதையைப் பார்க்கிறது. தன் வாழ்க்கையைத் தானே எழுதும் நூலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியில் இருந்தாலும் எனக்குச் சொல்லுங்கள்.

உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' படித்தவர்களுக்கு இது உடனே புரியும். அவருக்கு 25 வயது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்த 1880ஆம் ஆண்டு, அக்டோபர் மாதம். ஊருக்கு முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, வந்திருக்கும் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்கிறார் முதலியார். இவர் அந்தாதி, கலம்பகம், கோவை, பிள்ளைத்தமிழ் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். கேட்பவர் முகத்தில் வியப்பே இல்லை. இவற்றால் என்ன பிரயோஜனம் என்கிறார். அப்புறம் சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சந்திப்பிலிருந்து கிளம்பிய வழிதான் 1887இல் அச்சான சிந்தாமணிப் பதிப்பு வரை போனது, அதற்குப் பிறகும் எத்தனையோ ஏடுகளுக்குப் போனது. தாம் தலைகுனிந்த நாளை அவர் இவ்வளவு விரிவாக எழுதியதால்தான் அது வந்த வழியாகிறது. வெறும் செயல் பட்டியலாக இருந்திருந்தால் 1887 மட்டும் போதும், 1880 வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனிக்கலாம். தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வாழ்க்கையை எழுதியபோதும் அவர் 'சரித்திரம்' என்றே பெயர் வைத்தார். தன் கதைக்கும் பிறர் கதைக்கும் ஒரே சொல். 'என்' என்ற ஓரெழுத்தும் ஒற்றும்தான் வேறுபாடு. இன்று நாம் தன்வரலாறு, வாழ்க்கை வரலாறு என்று பிரித்துச் சொல்வது அந்த வேலையைச் சுலபமாக்குகிறது.

வாழ்க்கை வரலாறு என்ற தொடர் எனக்குக் கூடுதலாகப் பிடிப்பதற்குக் காரணம் புளூட்டார்க். அலெக்சாண்டரைப் பற்றி எழுதத் தொடங்கும்போது, தாம் எழுதுவது வரலாறு அல்ல, வாழ்க்கை என்கிறார் அந்தக் கிரேக்கர். ஆயிரக்கணக்கானோர் மடிந்த போரைவிட ஒரு சின்ன சொல்லோ வேடிக்கைப் பேச்சோ ஒருவருடைய குணத்தை நன்றாகக் காட்டிவிடும் என்பது அவர் வாதம். அவர் பிரித்து வைத்த இரண்டையும் தமிழ் ஒரே தொடரில் சேர்த்துவிட்டது.

குழப்பம் மிகுந்த இடம் மெமோயர். இதையும் பலர் சுயசரிதை என்றே எழுதிவிடுகிறார்கள். தன்வரலாறு பிறப்பிலிருந்து தொடங்கி முழு வாழ்க்கையையும் சொல்ல முயலும். மெமோயர் ஒரு துண்டை எடுத்துக்கொள்ளும்: சிறையில் கழிந்த ஆண்டுகள், ஒரு நண்பரோடு இருந்த பழக்கம், ஒரு போர், ஒரு நோய். நினைவில் நின்றதுதான் அங்கே கணக்கு. அதனால் தமிழில் நினைவுக்குறிப்பு என்கிறோம். 'குறிப்பு என்றால் நாலு வரி அல்லவா, ஐந்நூறு பக்கப் புத்தகத்துக்கு எப்படிப் பொருந்தும்' என்று கேட்பவர்கள் உண்டு. பிரெஞ்சு மூலத்தைப் பார்த்தால் அந்தக் கேள்வி எழாது. அங்கே 'மெமுவார்' என்ற சொல் பெண்பாலில் நினைவு, ஆண்பாலில் எழுதி வைத்த குறிப்பு. நூல்வகைக்குப் பெயரானது ஆண்பால் சொல்தான். நினைவையும் குறிப்பையும் சேர்த்து வைத்திருக்கும் நம் சொல் அந்த இரண்டையும் விடவில்லை. திரு.வி.க.வும் தம் நூலுக்கு 'வாழ்க்கைக் குறிப்புக்கள்' என்றே பெயர் வைத்தார், அது சின்னப் புத்தகம் அல்ல. சுந்தர ராமசாமி தாம் பழகிய எழுத்தாளர்களைப் பற்றிய வரிசைக்கு வைத்த 'நினைவோடை' அழகான சொல், ஆனால் அது ஒரு தலைப்பாக நிற்கட்டும். வகைப்பெயராக நினைவுக்குறிப்பே எனக்குச் சரியாகப் படுகிறது.

நாட்குறிப்பு இதிலிருந்து வேறு. நினைவுக்குறிப்பு எழுதுபவருக்கு முடிவு தெரியும், நாட்குறிப்பு எழுதுபவருக்கு நாளை என்ன நடக்கும் என்று தெரியாது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் எழுதத் தொடங்கியது 1761 வரை நீள்கிறது. கப்பல் வந்ததும் போனதும், யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்பதும், பிரெஞ்சு ஆட்சியின் ஏற்றமும் சரிவும் அந்தந்த நாளின் பதற்றத்தோடு அதில் இருக்கின்றன. அதற்குத் தமிழில் வழங்கும் பெயர் 'தினப்படிச் சேதிக் குறிப்பு'. டைரி என்று சொல்லிப் பழகிய நமக்கு, குறிப்பு என்ற சொல்லை அங்கேயும் பார்ப்பதில் ஒரு நிறைவு இருக்கிறது.

எழுதும்போது ஒரு சின்ன விஷயம்: நூல்வகையைக் குறிக்கும்போது 'தன்வரலாறு' என்று சேர்த்து எழுதுங்கள். 'அவர் தன் வரலாறு முழுவதையும் சொன்னார்' என்னும்போது பிரித்து எழுதினால் போதும். சுயவரலாறு, தன்சரிதை என்ற கலப்புகளும் கண்ணில் படுகின்றன, அவை வேண்டாம்.