நாலு குழு தாண்டி வந்த படம் ஏன் நைந்துபோகிறது?

ஒரு கல்யாணப் பத்திரிகையின் படம் நாலு குழு தாண்டி உங்களிடம் வந்திருக்கும். பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்தைச் சுற்றிச் சாம்பல் புள்ளிகள் மொய்த்திருக்கும், வெளிர் பின்னணி கட்டம் கட்டமாகத் தெரியும். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த மாதிரி என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. டிஜிட்டல் கோப்பை ஆயிரம் தடவை நகலெடுத்தாலும் ஒரு பிட் கூட மாறாது. கெடுப்பது நடுவில் நடக்கும் சுருக்கம்.

12 மெகாபிக்சல் போட்டோவில் 1.2 கோடி புள்ளிகள், புள்ளிக்கு மூன்று பைட், ஆக 36 எம்பி. அதை அப்படியே அனுப்ப யாருக்குப் பொறுமை இருக்கிறது? 1992-ல் தரநிலையாக வந்த ஜேபெக் முறை இதை மூன்று நாலு எம்பிக்குள் அடக்கிவிடுகிறது, அதுவும் நமக்குத் தெரியாமல். வெளிச்சத்தில் சின்ன மாற்றத்தையும் பிடித்துவிடும் நம் கண், நிறத்தில் கொஞ்சம் மந்தம். அதனால் வெளிச்சத்தைத் தனியாகவும் நிறத்தைத் தனியாகவும் பிரித்து, நிறத்தை மட்டும் நாலு புள்ளிக்கு ஒன்றாகச் சேமிப்பது வழக்கம். இதிலேயே பாதி எடை போய்விடும். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து கசிந்த மாதிரி தெரிவதற்கும் இதுதான் காரணம்.

அப்புறம்தான் பெரிய வேலை. படத்தை 8-க்கு 8 புள்ளி உள்ள சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் 64 அலை வடிவங்களின் கலவையாக எழுதுகிறார்கள். முதல் வடிவம் வெறும் சீரான வெளிச்சம், கடைசி வடிவம் பொடிப்பொடியான சதுரங்கக் கட்டம். இதற்கான கணக்கைத் தந்தவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. 1972-ல் அவர் கேட்ட ஆராய்ச்சி நிதியை, யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்று சொல்லி அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை மறுத்துவிட்டது. அவர் விடவில்லை, மாணவர் நடராஜனும் நண்பர் கே. ஆர். ராவும் சேர, 1974-ல் கட்டுரை வெளிவந்தது. இன்று நம் போனில் இருக்கும் படங்களில் பெரும்பாலானவை அந்த எளிமையான யோசனையில்தான் ஓடுகின்றன.

நிறத்தில் விட்டது போக, இந்த அலைக் கணக்கில் இழப்பு இல்லை, கட்டத்தின் 64 புள்ளிகளுக்கான 64 எண், எந்த வடிவம் எவ்வளவு என்று சொல்லும் வேறு 64 எண்ணாக மாறியது, அவ்வளவுதான். பெரிய இழப்பு அடுத்த படியில். ஒவ்வொரு எண்ணையும் ஓர் அட்டவணைப்படி வகுத்து முழு எண்ணாக்குகிறார்கள். பரவலாகப் பயன்படும் அட்டவணையில் முதல் எண்ணை 16-ஆல் வகுக்க வேண்டும், கடைசி எண்ணை 99-ஆல். கடைசி இடத்தில் 40 இருந்தால்? 0 ஆகிவிடும், திரும்ப வராது. நுணுக்க வடிவங்கள் இப்படி வரிசையாகப் பூஜ்யமாகிவிடும், பூஜ்ய வரிசையைச் சுருக்கி எழுதுவது சுலபம். பட்டுப்புடவையின் ஜரிகை வேலைப்பாடு மங்குவதும் இங்கேதான். வானம், சுவர், முகம் எல்லாம் தப்பித்துவிடும்.

எழுத்துக்குத்தான் கஷ்டம். எழுத்தின் ஓரம் சட்டென்று கறுப்பிலிருந்து வெள்ளைக்குத் தாவுகிறது, அந்தத் தாவலைக் காட்ட நிறைய வடிவங்கள் ஒன்றையொன்று சரிக்கட்ட வேண்டும். சிலதைத் தூக்கி எறிந்தால் மீதி அலைகள் வெள்ளைப் பகுதியில் நெளியும். அந்தச் சாம்பல் புள்ளிகள் இவைதான். உற்றுப் பார்த்தால் அவை தம் கட்டத்தைத் தாண்டியிருக்காது.

சரி, ஒரு தடவை சுருக்கினால் போதாதா, ஏன் மேலும் மேலும் மோசமாகிறது? அதே அட்டவணை, அதே கட்டங்கள் என்றால் இரண்டாவது தடவை பெரிதாக எதுவும் போகாது. ஆனால் நாம் ஓரத்தை வெட்டுகிறோம், ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறோம், ஆப் அளவைக் குறைக்கிறது. கட்டங்கள் இடம் மாறிவிடும். பழைய கட்டத்தின் கறையையும் படத்தின் பகுதி என்றே நினைத்து, புதிய கட்டம் அதன் மேல் தன் கறையைச் சேர்க்கும்.

எழுத்துள்ள படம் என்றால் பிஎன்ஜி (PNG) என்ற கோப்பு வகையில் சேமியுங்கள், அதில் இழப்பே கிடையாது. போட்டோ என்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள், சுருக்காமல் போகும். ஒன்று மட்டும்: அப்படி அனுப்பும்போது படம் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் விவரமும் கோப்போடு சேர்ந்தே போகக்கூடும். வீட்டில் எடுத்த படத்தை முன்பின் தெரியாத குழுவில் அந்த வழியில் போடாதீர்கள்.