கோட்டா: இடஒதுக்கீடா, பங்கா?

'மகளிர் கோட்டா' என்று எங்கே பார்த்தாலும் 'மகளிர் இடஒதுக்கீடு' என்று மாற்றி எழுதிவிடுகிறோம். சில இடங்களில் அது சரி. சில இடங்களில் தப்பு, அந்தத் தப்பு கட்சிகளுக்கு ரொம்ப வசதியாகவும் இருக்கிறது.

லத்தீனில் 'குவோட்' என்றால் எத்தனை. அதில் பிறந்த 'குவோட்டா பார்ஸ்' என்பதற்கு எத்தனையாவது பங்கு என்று பொருள். 'பார்ஸ்' உதிர்ந்து 'குவோட்டா' மட்டும் ஆங்கிலத்துக்கு வந்தபோது, படைக்கோ பொதுச் செலவுக்கோ ஒவ்வொரு ஊரும் கொடுத்தாக வேண்டிய பங்கைத்தான் அது குறித்தது. நம் ஊரிலோ எம்.பி. கோட்டா, மேனேஜ்மெண்ட் கோட்டா என்று பேசிப் பேசி, யாரோ மனசு வைத்துக் கொடுக்கும் சலுகை என்கிற வாடை அதில் ஏறிவிட்டது. ஒரு பெண் கவுன்சிலரை "அந்தம்மா கோட்டாவுல வந்தவங்க" என்று இளக்காரமாகச் சொல்ல முடிவது இதனால்தான்.

இடஒதுக்கீடு என்பது வேறு. சட்டம் போட்டுச் சில வார்டுகளை, தொகுதிகளைப் பிரித்து வைக்கிறார்கள், அங்கே பெண்கள் மட்டுமே நிற்க முடியும், எந்தக் கட்சி ஜெயித்தாலும் உள்ளே போவது ஒரு பெண்தான். 1993இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆம் அரசியல் சட்டத் திருத்தங்கள் உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இப்படித் தந்தன, தமிழ்நாடு 2016இல் அதை 50 சதவீதமாக்கியது. மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்குமான 106ஆம் திருத்தம் 2023இல்தான் நிறைவேறியது, அதுவும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே என்ற நிபந்தனையோடு.

ஆனால் நார்வே தொழிலாளர் கட்சி 1983இல் செய்தது இடஒதுக்கீடு அல்ல. எந்தத் தொகுதியையும் யாரும் ஒதுக்கவில்லை, எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. தன் வேட்பாளர்களில் ஆண், பெண் இரு பாலரும் தலா குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும் என்று கட்சியே விதி வைத்துக்கொண்டது. இதற்கும் உலகம் முழுக்க கோட்டா என்றுதான் பெயர். தமிழில் இதை 'வேட்பாளர் பங்கு' என்று எழுதலாம் என்பது என் கருத்து. லத்தீன் மூலத்துக்கும் பங்குதான் பக்கத்தில் நிற்கிறது. ஒதுக்குவதில் ஒதுக்கி வைப்பதும் ஒளிந்திருக்கிறது, பங்கில் அது இல்லை. பங்கு என்றால் கேட்டு வாங்க உரிமை உள்ளது. 1989இல் தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சட்டப்படி கிடைத்ததும் பங்குதானே!

இரண்டையும் ஒரே சொல்லால் எழுதும்போது, "சட்டம் நடைமுறைக்கு வரட்டும், கொடுக்கிறோம்" என்று கட்சிகள் தப்பித்துக்கொள்கின்றன. சட்டமே இல்லாத 2019இல் ஒடிசாவில் பிஜு ஜனதா தளம் 21 மக்களவைத் தொகுதிகளில் 7இல் பெண்களை நிறுத்தியது, 5 பேர் ஜெயித்தார்கள். தமிழ்நாட்டில் 2021 சட்டமன்றத் தேர்தலில் நாம் தமிழர் கட்சி 117 பெண்களை நிறுத்தியது, ஆனால் அந்தக் கட்சிக்கு ஒரு தொகுதியும் கிடைக்கவில்லை. அந்தத் தேர்தலில் ஜெயித்த 234 பேரில் பெண்கள் வெறும் 12 பேர். பெரிய கட்சிகள் மனசு வைத்திருந்தால் அன்றைக்கே இந்த எண்ணிக்கை மாறியிருக்கும்.

அர்ஜென்டினா 1991இல் போட்ட சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே ஓட்டு கட்சியின் வேட்பாளர் பட்டியலுக்கு, பட்டியலில் மேலே இருப்பவர்கள்தான் முதலில் உள்ளே போவார்கள். வேட்பாளர் பட்டியலில் 30 சதவீதம் பெண்கள் என்பதோடு நிற்காமல், ஜெயிக்க வாய்ப்புள்ள வரிசையில் அவர்கள் இருக்க வேண்டும் என்றும் எழுதி வைத்தது. இதை 'வெல்லும் இடங்களில் பங்கு' என்று சொல்லலாம். அடுத்த முறை எந்தக் கட்சியாவது மகளிருக்கு 33 சதவீதம் என்று அறிவித்தால், எதில் 33 என்று இந்தச் சொற்களை வைத்தே கேளுங்கள்.