மனம் தெளிந்தால்தான் விசாரணை

வேலூரில், காட்பாடியில் ஏறி பாகாயம் போகும் டவுன் பஸ், தொரப்பாடியைத் தாண்டித்தான் போகிறது. தொரப்பாடியில் மத்திய சிறை. பாகாயத்தில் 1957 முதல் இயங்கும் சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையம். ஒருவருக்குச் சிறையும் வேண்டியிருந்து, மனநல சிகிச்சையும் வேண்டியிருந்தால் அவர் வழக்கு என்ன ஆகும்?

குடியாத்தத்தில் கைலி நெய்யும் ஒருவர், பக்கத்து வீட்டுக்காரரை வெட்டிய வழக்கில் சத்துவாச்சாரி கோர்ட்டில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர் கேட்டால் சரியாகச் சொல்கிறார். ஆனால் தன் வக்கீலும் போலீசும் சேர்ந்து சாப்பாட்டில் விஷம் வைப்பதாக நம்புகிறார். வக்கீலிடம் ஒரு வார்த்தை பேச மறுக்கிறார்.

இங்கே பலரும் குழப்பிக்கொள்வது ஒன்று உண்டு. வெட்டிய நேரத்தில் அவர் மனநிலை எப்படி இருந்தது என்பது தனிக் கேள்வி. அதற்கு, குற்றங்களையும் தண்டனைகளையும் சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு இருக்கிறது. இப்போது தனக்காக வாதாட அவரால் முடியுமா என்பது வேறு கேள்வி. மனநோயால் முடியாது என்று தெரிந்து, வழக்குக்கு முகாந்திரமும் இருந்தால், விசாரணை தள்ளிவைக்கப்படும்; அதனாலேயே வழக்கு தள்ளுபடி ஆகாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 367, 368ஆம் பிரிவுகள் இதைச் சொல்கின்றன.

சரி, மனம் எப்படித் தெளிகிறது? ‘இதைக் கவனி’ என்று மூளைக்குள் குறிப்புக் கொடுப்பதில் டோபமின் என்ற வேதிப்பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. இல்லாததை நம்பவைக்கும் மனச்சிதைவு நோயில் அந்தக் குறிப்பு கண்டபடி எழுகிறது. வக்கீல் இருமினால்கூட அதில் ஏதோ சேதி இருப்பதாகத் தோன்றும். அந்தத் தோற்றங்களைக் கோத்து மனம் ஒரு கதை கட்டிக்கொள்கிறது. அதுதான் விஷக் கதை. மாத்திரைகள், மூளை செல்களில் டோபமினை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை மறித்து, புதிய குறிப்புகள் எழுவதைக் குறைக்கின்றன. ஏற்கெனவே கட்டிய கதை உடனே கரையாது. ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கவே நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். பிறவியிலோ சிறுவயதிலோ வரும் அறிவுத்திறன் குறைபாட்டை இந்த மாத்திரைகள் சரிசெய்யாது.

தெளிந்தபின் கோர்ட்டைச் சொல்லித்தர வேண்டும். நீதிபதி யார், அரசு வக்கீல் யார், நம் வக்கீல் யார் பக்கம்? அமெரிக்காவில் மருத்துவமனையிலேயே இதற்கு வகுப்பு நடத்துகிறார்கள். நம் சட்டத்தில் அப்படி எதுவும் எழுதப்படவில்லை. எழுதியிருக்க வேண்டும் என்பேன். ஏனென்றால் “வக்கீல் எனக்காகப் பேசுவார்” என்று மனப்பாடமாக ஒப்பித்தால் போதாது. “சாட்சி பொய் சொன்னால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்கும்போது, “என் வக்கீல் காதில் சொல்வேன்” என்று தானாக யோசித்துச் சொன்னால், அவர் தயார்.

அந்த நாள் வந்தும் யாரும் கவனிக்காமல் போனால்? அசாமில் மச்சாங் லாலுங் 1951இல் கைதானார். 1967இல் குணமாகிவிட்டார் என்று அவர் இருந்த மனநல மருத்துவமனை சொன்னது. வெளியே வந்தது 2005இல். இதை எழுதும்போதே வயிறு கலங்குகிறது.

உள்நோயாளியாக இருக்கத் தேவையில்லை என்றால், ஜாமீனில் விடவும் சட்டம் இடம் தருகிறது. பக்கத்து மருத்துவமனைக்கு ஒழுங்காகக் கூட்டிப்போவேன், அவரால் யாருக்கும் தீங்கு வராமல் பார்த்துக்கொள்வேன் என்று உறவினரோ நண்பரோ பொறுப்பேற்க வேண்டும். குடியாத்தத்துக்காரருக்கு அப்படி ஒரு தம்பி இருந்தால், அண்ணனை அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிவரும் ஒவ்வொரு தடவையும் அவருக்கு ஒரு நாள் கூலி போகும்.